ஐந்து பேரும் ‘ஆகட்டுங்க’ என்றார்கள்

நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் முதல் எஸ்.டி.டி. பூத் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும் கண்ணு. காரமடைத் தேருக்கு மறுநாள் யாரும் எதிர்பாராத மழை ஒன்று கொட்டிவிட்டு, அதற்கப்புறம் ஆறு மாசம் ஒரு சொட்டுகூட விழாமல் போனதும் அந்த வருஷம்தான். கிணறெல்லாம் தரை தட்டி, போர் போடும் லாரிகள் ஊருக்குள் கல்யாண வண்டி மாதிரி வரிசையாக வந்தன. காங்கேயத்தில் பிடித்து வந்த நம் மயிலைப் பசு இரட்டைக் கன்று போட்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா காபி கொடுத்தே ஓய்ந்து போனாள். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது, அதை நீ கணக்குப் போட்டுக்கொள். ஹாலந்து தேசத்திலிருந்து மார்த்தா அம்மா நம் பால் சொசைட்டிக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்க வந்தது அந்தப் பங்குனியில்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாயிற்று. உன் அம்மா அதை மூன்று தரம் படித்துக் காட்டினாள். நான்காம் தரம் நானே ஒப்பித்துக் காட்டினேன், ஒரு வரி பிசகவில்லை. சாம்பியாவில் மக்காச்சோளத்தில் நம் களி மாதிரியே கிண்டிச் சாப்பிடுகிறார்கள் என்ற இடத்தில் அவள் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கத்துப் பால் சங்கத்தில் இருபத்திரண்டு பேர் வகுப்புக்கு வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், பாட்டுப் பாடிக் கைதட்டுகிறார்கள், அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒருவரும் ஒன்றும் செய்திருக்கவில்லை, தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வகுப்பில் தூங்கும் ஒரு கிழவரைக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சம்பளம் வாங்காமல் இரண்டு வருஷம் உழைக்கிறேன் என்று போனவள், ஆறு மாசத்தில் “நான் தோற்றுப்போய்விட்டேன் அப்பா, அடுத்த மாசக் கடைசிக்குள் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வந்துவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். மார்த்தா அம்மா நம் ஊரில் செய்ததில் பாதிகூட உன்னால் முடியவில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மார்த்தா அம்மா நம் ஊரில் என்ன செய்தார் என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. நாங்கள் மறைத்துவிட்டோம். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். இப்போதே பேனாவை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, எட்டு வருசங் கழிச்சு இதையெல்லாமா எழுதோணும்?” என்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

முதலில் அந்த ஐந்து பேர் கதையைச் சொல்கிறேன். மார்த்தா அம்மா வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. தலைவராக வரக்கூடிய ஐந்து பேரைப் பயிற்சிக்குத் தேர்ந்து வையுங்கள் என்று அதில் இருந்தது. நான் சொசைட்டிக்குப் பிரசிடெண்ட், கைநாட்டுப் பிரசிடெண்ட். யாரைப் போடுவது? இவனைப் போட்டால் அவனுக்கு வருத்தம், கிழக்கு வளவில் எடுத்தால் மேற்கு வளவுக்குக் கோபம். நன்றாக யோசித்து, ஒருவரும் குறை சொல்ல முடியாத மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரில் பால் ஊற்றுகிறவர்களில் வயசில் மூத்த ஐந்து பேரை அப்படியே வரிசையாக எடுத்துவிட்டேன். நாச்சிமுத்துத் தாத்தா, சென்னியப்பன், காளியண்ணன், குப்புசாமி, மாரப்பன். மூத்தவருக்கு எண்பத்திரண்டு, இளையவருக்கு எழுபது. நாச்சிமுத்துத் தாத்தாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காளியண்ணன் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். ஊரே என்னை மெச்சியது, பிரசிடெண்ட் நியாயமாக நடந்துகொண்டார் என்று. சாம்பியாவில் தூங்குகிற கிழவரைக் காட்டுகிறார்கள் என்று நீ எழுதியதைக் கேட்டபோது, அங்கேயும் என்னைப் போல ஒரு பிரசிடெண்ட் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உனக்குத் தெரியாத முதல் விஷயம். மார்த்தா அம்மா வந்து இறங்குவதற்கு முந்தின நாள் காலையில் அந்த ஐந்து பேரையும் செக்ரட்டரியையும் உட்கார வைத்து நான் சொன்னேன்: “கடல் தாண்டி வர்ற ஒறம்பரைங்க. அறுவது வயசுக்கு மேல சொந்தச் செலவுல வந்து நமக்குச் சொல்லிக் குடுக்கறாங்க. மூணு வாரம்தான். அந்தம்மா என்ன கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. மனசு நொந்து போயிரும்.” குப்புசாமி கேட்டார், “முடியாததைக் கேட்டா?” “அதுக்கும் ஆகட்டுங்கன்னு சொல்லுங்க மாமா. ஊருக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்.” வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத ஊர் இது. நான் சொல்லாவிட்டாலும் பாதி அப்படித்தான் நடந்திருக்கும். சொன்னதால் முழுசாக நடந்தது.

நீ அப்போது கோயமுத்தூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று உன்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டோம். அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, புளித்த பால் வாசத்தில், வேர்க்க வேர்க்க நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பேசினாய். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு நினைவிருக்கிறதா? சென்னியப்பன் கண்ணில் துண்டைக் கட்டி, மாரப்பன் அவர் கையைப் பிடித்து நடத்தி, நேராக மாட்டுத் தண்ணித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். முழங்கால் வரை தண்ணியில் நின்றுகொண்டு சென்னியப்பன், “அருமையான பாடமுங்க, நல்லாப் புரிஞ்சுதுங்க” என்றார். துண்டை அவிழ்த்ததும் மாரப்பனிடம், “ஏப்பா, உன்னிய நம்பி ஊட்டுக்குள்ளகூட உடக்கூடாது” என்றார். அதை நீ மொழிபெயர்க்கவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாய்.

சாயந்திரப் பால் விஷயம்தான் அந்தம்மா முக்கியமாக எடுத்துக்கொண்டது. பெண்கள் மூன்றரை மணி வெயிலில் கேனோடு வந்து வரிசையில் நிற்பார்கள், செக்ரட்டரி அவர் வசதிக்கு நாலரைக்கோ ஐந்துக்கோ வருவார், பங்குனி வெக்கையில் பால் திரிந்துபோகும். பால் வண்டி வந்து திரிந்த பாலைத் திருப்பிவிடும். மார்த்தா அம்மா கேட்டார், நேரம் ஒன்று வைத்து, அந்த நேரத்துக்கு மணி அடித்துப் பால் எடுக்கலாமா என்று. ஐந்து பேரும் “ஆகட்டுங்க” என்றார்கள். நாளையிலிருந்தா? “ஆகட்டுங்க, செஞ்சுபோடலாமுங்க.” அந்தம்மா சார்ட் பேப்பரில் பச்சை மையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் மறுநாள் இன்னொரு சார்ட். சுவர் நிறையப் பச்சை மை. அன்றைக்கு ஒருநாள் நீ தயங்கி, “எப்பொழுதிலிருந்து ஆரம்பிப்பீர்கள் என்று நானே கேட்கட்டுமா?” என்றாய். “அம்மணி, அவிய சொல்றதை மட்டும் சொல்லு, உம்பட கேள்வியெல்லாம் வேண்டாம்” என்று எல்லார் முன்னாலும் உன் வாயை அடைத்தேன். தலைமைப் பயிற்சி நடக்கிற கூடத்தில் வைத்துத்தான் அடைத்தேன். அதை நினைத்து இப்போது சிரிக்கலாம், ஆனால் அது தப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயிற்சி தொடங்கியதிலிருந்து செக்ரட்டரியும் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து அவர் வெளியே வரவே ஐந்தேகால். பாலைத் திரியாமல் காப்பதைப் பற்றி நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்ததால் வெளியே பால் திரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை ராமாத்தாள் கேனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். புருஷன் இல்லாமல் இரண்டு எருமையை வைத்துப் பிழைக்கிறவள். பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் கனவிலும் கிடையாது. கேன் மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“ஏனுங்க பிரசிடெண்டு, பத்து நாளா உள்ள உக்காந்து ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லிட்டே இருக்கறீங்களே, எம்பட பாலைப் பாருங்க, எப்படி ஆகியிருக்குதுன்னு.”

“ராமாத்தா, ஒறம்பரை இருக்கறாங்க, அப்புறம் பேசிக்கலாம்.”

“ஒறம்பரைகிட்டத்தானுங்க பேச வந்தேன்.” உன் பக்கம் திரும்பினாள். “அம்மணி, நாஞ் சொல்றதை அப்படியே அந்தம்மாகிட்டச் சொல்லு. செவுத்துல எழுதுனது ஒண்ணுகூட இவிய செய்யலீங்க. செய்யவும் மாட்டாங்க.”

நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். நீ பார்த்தாய், புரிந்துகொண்டாய், அப்புறம் மார்த்தா அம்மா பக்கம் திரும்பி ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டாய். அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த கோபம் முழுக்க உன் மேல் வந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சனிக்கிழமை நீ பரீட்சைக்காக ஹாஸ்டலுக்குப் போனபோது பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டப் போவதாகச் சொல்லிக் கட்டுத்தரையிலேயே நின்றுகொண்டேன். வெட்டுவதற்குத் தட்டு ஒன்றும் இல்லை. அந்த வருஷம் எது விளைந்தது?

நீ போய்த் திரும்பி வருவதற்குள், நாலு நாளில், எல்லாம் மாறியிருந்தது. மார்த்தா அம்மாவுக்கு ஒருநாள் காய்ச்சல், அப்புறம் எழுந்து புது மாதிரியாக வகுப்பு எடுத்தார் என்று உனக்குச் சொன்னோம். காய்ச்சல் ஒன்றும் இல்லை கண்ணு. திங்கட்கிழமை காலையில் அந்தம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் அம்மா விஷயம் தெரியாமல் உட்கார வைத்து, சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்து, பையிலிருந்து விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டி, தேதியின் மேல் விரலை வைத்து, முன்னால் இழுத்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர். மொழி தெரியாவிட்டாலும் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? “ஆகட்டுங்க” என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழக்கம் அப்படி.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் விமான டிக்கெட் ஆபீசில் என் வயசுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன். அந்தம்மா பேசியதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “ஏனுங்க பெரியவரே, இந்தம்மா நாளைக்கே ஊருக்குப் போகோணும்ங்கறாங்க. நீங்கதானுங்க கூட வந்தவரு? சம்மதந்தானுங்களே?”

ஆகட்டுங்க என்று நாக்கு வரை வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, “இல்லீங்க” என்றேன். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. “இல்லீங்களா?” “இல்லீங்க. எனக்குச் சம்மதம் இல்லீங்க. நாஞ் சொல்றதை அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. அந்த அஞ்சு பேரும் ஆகட்டும் ஆகட்டும்னு சொன்னதுக்கு நாந்தானுங்க காரணம். மனசு நோகக் கூடாதுன்னு நாந்தான் முன்கூட்டியே சொல்லி வெச்சேன். இவிய பாடத்து மேல ஒரு குத்தமும் இல்லீங்க.” அவர் சொன்னார். மார்த்தா அம்மா என் பக்கம் திரும்பினார். வெட்கத்தில் என் துண்டு தானாகவே தோளிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. பிறகு ஏதோ கேட்டார். ஆபீஸ்காரர் சொன்னார்: “அப்ப எதுக்கு இன்னும் இருக்கச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க.”

“ராமாத்தா பால் இன்னும் திரிஞ்சுட்டுத்தானுங்க இருக்குது” என்றேன்.

அதைக் கேட்டு அந்தம்மா சிரித்த சிரிப்பில் ஆபீசில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வெளியே வந்து இரண்டு பேரும் காபி குடித்தோம். பெட்டியைத் திரும்ப நானே தூக்கிக்கொண்டு வந்தேன், போகும்போது இருந்ததைவிட கனம் குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அந்தம்மா கூடத்துக்குள் போகவே இல்லை. விடியும்போதே ராமாத்தாள் கட்டுத்தரையில் போய் உட்கார்ந்து எருமையைக் கறந்தார். ஹாலந்து கறவை நம் கறவை மாதிரி இல்லை, எருமை ஒரு உதை விட்டது, ராமாத்தாள், “அதுகிட்டப் போயி ஆகட்டுங்கன்னு எதிர்பாக்காதீங்க” என்றாளாம். சாயந்திரம் மூன்றரைக்குப் பெண்களோடு வரிசையில் போய் நின்றுகொண்டார். நீ வந்து சேர்ந்தபோது பார்த்தாயே, அந்த வரிசைதான் வகுப்பு. இல்லை, முடியாது, உங்களுக்குத் தெரியாது என்று பெண்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒவ்வொரு ‘முடியாது’க்கும் அந்தம்மா முகம் மலர்ந்தது. கூடத்துக்குள் ஐந்து கிழவர்களும் நாற்காலியோடு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். மணி அடிக்க யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, ராமாத்தாள்தான் சொன்னாள், “உள்ள தூங்கறவங்களை உட்டுப்போட்டு அந்த மூத்தவரைக் கூப்புடுங்க. மில்லுல முப்பது வருசம் சங்கு ஊதுன கை. காதுதானுங்க போச்சு, நேரம் போகலை.” நாச்சிமுத்துத் தாத்தா மில்லில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். சங்கு ஊதினவர் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அறுபது வருஷமாக ஒரே ஊர். மார்த்தா அம்மா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, நாலு என்று விரல் காட்டி, மணிக்காக வேப்பங்கிளையில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைக் காட்டினார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுத்தியலை வாங்கினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் செக்ரட்டரி ஓடி வரப் பழகிக்கொண்டார்.

கடைசி நாள் ஐந்து பேருக்கும் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். ராமாத்தாளுக்கும் ஒன்று எழுதி நீட்டியதற்கு, “இதை வெச்சு நான் என்னங்க பண்றது, கேனுக்கு இறுக்கமா ஒரு மூடி வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க” என்றாளே, அதை நீ மொழிபெயர்த்தபோது உன் குரலில் இருந்த குஷி எனக்கு இன்னும் கேட்கிறது. நீயும் ஒருநாள் இப்படி ஒரு தேசத்துக்குப் போவாய் என்று அன்றைக்கே உன் அம்மா சொன்னாள். நான்தான் நம்பவில்லை.

ஆகையால் கண்ணு, அந்த இருபத்திரண்டு பேர் மேல் கோபப்படாதே. அவர்கள் உன்னை ஏமாற்றவில்லை, மரியாதை செய்கிறார்கள். நாங்கள் செய்த மாதிரி, கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறார்கள். நீ எழுதிய கடிதத்தில் வகுப்பறை வருகிறது, கரும்பலகை வருகிறது, ஒரு மாடுகூட வரவில்லை, ஒரு கேன்கூட வரவில்லை. அவர்கள் காத்து நிற்கிற இடம் எது என்று பார். அங்கே போய் நில். உன்னிடம் முதல் ஆளாக முடியாது என்று சொல்கிறவர் வந்ததும் நாற்காலி போடு. உனக்கு மொழிபெயர்க்கிற பிள்ளை ஒருத்தி இருப்பாள் இல்லையா, அவள் அப்பன் கண்ணைக் காட்டினால் நீ குறுக்கே நின்றுகொள். அந்தத் தூங்குகிற கிழவரை எழுப்பி, இளவயசில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருதரம் கேட்டுவிடு.

வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டால் இந்த ஊரில் எந்த அப்பன் வாயிலும் வா என்பதைத் தவிர வேறு சொல் வராது. உன் அம்மா அந்தச் சொல்லை முன்கூட்டியே எழுதிவிட்டாள், நான்தான் அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தை மேலே பார்த்திருப்பாய். உடம்புக்கு ஏதாவது ஒன்றென்றால் கேட்கவே வேண்டாம், அடுத்த விமானத்தில் ஏறு. தோற்றுப்போனேன் என்று வருவதற்கு மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. இல்லை கண்ணு. என் ஆயுசில் நான் சொல்கிற இரண்டாவது ‘இல்லை’ இது. முதலாவது வீணாகவில்லை.

பஸ் ஏற்றிவிட வராததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். திரும்பி வரும்போது மீனம்பாக்கத்துக்கே வந்து நிற்பேன்.

இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் உன் அம்மா, “நாலு மணி அடிச்சுப்போட்டாங்க, கேனை எடுக்கோணும்” என்று எழுந்துகொண்டிருக்கிறாள். போன மாசியில் மார்த்தா அம்மா காலமான செய்தி வந்து, அதை நீதான் படித்துச் சொன்னாய். சர்ட்டிபிகேட் வாங்கிய ஐந்து பேரில் காளியண்ணன் தூக்கத்திலேயே போனார், அவருக்கு அதுதான் பொருத்தம். அப்புறம் குப்புசாமி, அப்புறம் சென்னியப்பன், போன தைக்கு மாரப்பன். மிச்சம் இருக்கிற ஒருவர்தான் இப்போது அடித்தவர். தொண்ணூறு வயசு. அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்காது. அடித்துவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே, பெண்கள் வரிசை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார் நாச்சிமுத்துத் தாத்தா.